திருகோணமலை வெயிலுக்குப் பின்னல் சட்டை சரிவருமா? சின்னப் பெண்பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுக்க

நிலாவெளிச் சித்தி:

எல்லாருக்கும் வணக்கம். யூலைக் கடைசியில் இலண்டனில் பள்ளிக்கூடம் விட்டதும் அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார். பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு நாலு. ஒரு மாதம் உப்புவெளியில் அம்மா வீட்டில்தான் நிற்பார்கள். கடைச் சட்டை அவர்களிடம் அலுமாரி நிறையக் கிடக்கும். அதனால் என் கையால் பின்னிய கையில்லாச் சட்டை ஆளுக்கொன்று கொடுக்க ஆசை.

நான் இதுவரை பின்னியதெல்லாம் பச்சைக் குழந்தைகளுக்குத் தொப்பியும் சொக்ஸும்தான். நிட், பர்ல் என்ற அடிப்படைக் கண்ணி இரண்டும் கைக்கு வரும். அம்மாவிடம் சொன்னேன், "இந்தக் கச்சான் காற்று வீசுற நேரத்தில வூல் சட்டையா? பிள்ளையளுக்கு வேர்க்குருப் போடப்போகுது, பேசாமல் இரு" என்று ஒரே பேச்சு. டவுனில் நான் பார்த்த கடைகளிலும் அந்தப் பளபளப்பான வூல் உருண்டைதான் இருக்கிறது.

எந்த நூல் வாங்குவது? பிள்ளைகளைப் பார்த்தே இரண்டு வருடம், அளவுக்கு என்ன செய்வது? அம்மம்மாவின் ஊசிகள் இருக்கின்றன. தலையில் 8, 10 என்று பொறித்திருக்கிறது. அவை உதவுமா?

மடத்தடி ரீச்சர்:

வணக்கம் தங்கச்சி. அம்மா சொன்னதில் பாதி சரி. வேர்க்குரு போடுவது நூலால், பின்னலால் இல்லை. கடைகளில் வூல் என்று விற்பதில் அனேகமானது அக்ரிலிக், அதாவது ஒரு வகைப் பிளாஸ்டிக் இழை. அது வியர்வையை உறிஞ்சாது. வியர்வை தோலிலேயே நிற்கும், அதுதான் புழுக்கம். பருத்தி உறிஞ்சி வெளியே விடும். பின்னல் துணியில் கண்ணிக்குக் கண்ணி ஓட்டை இருக்கிறது. மெல்லிய பருத்தி நூலில், உடம்போடு ஒட்டாமல், கொஞ்சம் தொளதொளவென்று பின்னினால் கச்சான் காற்று உள்ளே போய் வரும். பொலியெஸ்டர் கவுனைவிட எவ்வளவோ மேல்.

லேபிளை நம்ப முடியாவிட்டால் ஒரு விரல் நீளத்துக்கு நூலை வெட்டி, முற்றத்தில் வைத்து, குறட்டால் பிடித்துக்கொண்டு நெருப்பு வைத்துப் பாருங்கள். பருத்தி கடதாசி எரிகிற மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாக உதிரும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறியதும் கறுப்பாகக் கெட்டியான மணி மாதிரி நிற்கும். இரண்டும் கலந்த நூலில் சாம்பலும் வரும், நடுவில் கெட்டியும் இருக்கும். கையில் பிடித்தபடி கொளுத்தாதீர்கள், உருகியது தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும்.

அம்மம்மாவின் ஊசிகள் அருமையானவை, வைத்திருங்கள். அவை பழைய இங்கிலாந்து இலக்கம். அதில் இலக்கம் கூடக் கூட ஊசி மெல்லிசாகும். 8 என்றால் 4 மில்லிமீற்றர், 10 என்றால் 3.25. அமெரிக்க முறை இதற்குத் தலைகீழ். அங்கே 8 என்றால் 5 மில்லிமீற்றர். யூரியூப்பில் ஒரு அமெரிக்கப் பெண் 8 என்றதும் இந்த ஊசியை எடுத்தீர்களோ, சட்டை பொம்மைக்குத்தான் போகும்.

கிண்ணியா உம்மு:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் குரோஷே ஆள், ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னுவது. பெருநாளுக்கு ஓடர் எடுத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு சட்டை, தொப்பி, பேக் எல்லாம் செய்கிறேன். நான் பாவிப்பது மில்க் கொட்டன். 50 கிராம் உருண்டை, நிறம் நிறையக் கிடைக்கும், கைக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் மில்க் கொட்டன் என்று பெயர் போட்டு வருவதெல்லாம் ஒன்று இல்லை. பெரும்பாலும் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்தது. ரீச்சர் சொன்ன நெருப்புச் சோதனையை நானும் ஒவ்வொரு புதுக் கட்டுக்கும் செய்கிறேன். பருத்திப் பங்கு கூடியதை சட்டைக்கு எடுத்து, மற்றதைப் பொம்மைக்கும் பேக்குக்கும் ஒதுக்கிவிடுவேன்.

சுத்தப் பருத்திதான் வேண்டும் என்றால் கொழும்புக்குப் போகிற யாரிடமாவது சொல்லிப் புறக்கோட்டையில் எடுப்பியுங்கள். அல்லது ஒன்லைனில். மேர்சரைஸ்ட் என்று போட்டிருந்தால் நல்லது. சோடாக் காரத்தில் நனைத்துப் பதப்படுத்திய பருத்தி அது. பளபளப்பு இருக்கும், சாயம் நன்றாகப் பிடித்திருக்கும், மயிர் எழும்பாது.

குரோஷேக்கு மாறுகிற யோசனை இருந்தால் சொல்லுங்கள் தங்கச்சி, வேகமாக முடியும். ஒன்று மட்டும், செய்முறை இங்கிலாந்துடையதா அமெரிக்காவுடையதா என்று முதலில் பாருங்கள். இங்கிலாந்தில் டபிள் என்பது அமெரிக்காவில் சிங்கிள், அமெரிக்காவில் டபிள் என்பது இங்கிலாந்தில் டிரெபிள்.

தையல் மெஷின்:

குறை நினைக்க வேண்டாம், நான் எதிர்க்கட்சி. நல்ல வொயில் துணியில் ஒன்றரை மீற்றர் வாங்கினால் இரண்டு பிள்ளைக்கும் பின்னேரத்துக்குள் சட்டை தைத்துவிடலாம். இதற்கு ஏன் மாதக்கணக்கில் பின்னவேண்டும்?

பருத்தி நூல் கனம். வூல் போல இழுத்தால் திரும்பி வராது. இன்று இடுப்பளவு நிற்கிற சட்டை இரண்டு தரம் தோய்த்ததும் முழங்காலை நோக்கி இறங்கும். உப்புவெளி என்கிறீர்கள், அங்கே நிற்கிற பிள்ளைகளைக் கடலுக்குள் இறங்காமல் மறிக்க யாரால் முடியும்? பின்னல் சட்டையோடு அலைக்குள் போய் வந்தால் தண்ணீரைக் குடித்துக்கொண்டு தொங்கும். தோள்ப்பட்டி இழுபட்டுக் கழுத்து நெஞ்சுக்கு வந்துவிடும்.

இன்னொன்று, இப்படிப் பாடுபட்டுச் செய்கிற பரிசைப் பெற்றவர்கள் ஒரு படம் எடுத்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். போட்டு விளையாடவிட மனம் வராது.

மடத்தடி ரீச்சர்:

கனமும் இழுபடுவதும் உண்மை, மறுக்கமாட்டேன். அதற்குத்தான் தடித்த நூல் எடுக்காமல் டிகே என்ற நடுத்தர நூலோ அதைவிட மெல்லிய நாலு இழையோ எடுக்கச் சொல்வது. தொளதொள என்றது சட்டையின் அளவுக்குத்தான், கண்ணியை இறுக்கமாகப் பின்னவேண்டும். தோள்ப்பட்டியை மெல்லிய கயிறாக விடாமல் இரண்டு அங்குல அகலத்துக்கு விட்டால் பாரம் பரவிவிடும். தளர்வாகப் பின்னுகிற கை என்றால் ஊசியை ஒரு அளவு குறைத்துக்கொள்ளுங்கள்.

ஈரத்தில் பருத்தி இழை பலம் குறையாது, இன்னும் கூடும். அதனால் அறுந்துபோகும் என்ற பயம் வேண்டாம். தொங்கவிட்டுக் காயப்போடுவதுதான் அதைக் கெடுக்கிறது. கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடாமல், ஒரு துவாயில் சுருட்டித் தண்ணீரை அமத்தி எடுத்து, பாயில் பழைய சேலை விரித்து நிழலில் பரப்பிவிட்டால் சட்டை தன் அளவில் நிற்கும். நம் வெயிலுக்கும் காற்றுக்கும் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். வெயிலில் நேரே போட்டால் நிறம் போகும்.

ரொறன்ரோ வாசி:

வாங்குகிற பக்கத்தில் இருந்து நான் ஒன்று சொல்கிறேன். பிறந்தது திருகோணமலை, இப்போது ரொறன்ரோவில் இரண்டு பெண்பிள்ளைகளோடு. ஊரில் இருந்து மாமி, மச்சாள் எல்லாரும் பின்னி அனுப்புவார்கள். தையல் மெஷின் சொன்னது போல சிலது அலுமாரியிலேயே இருக்கிறது. ஆனால் காரணம் மனம் வராதது அல்ல. தலைக்குள்ளால் போகாது!

நாலு வயதுப் பிள்ளையின் தலைச் சுற்றளவு 50 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். உடம்பு ஒல்லி, தலை பெரிசு. பருத்திப் பின்னலின் கழுத்து ஓரம் இறுக்கமாக மூடியிருந்தால் அது விரியாது. பிள்ளை ஒரு தரம் உள்ளே மாட்டிக்கொண்டு கத்தினால் போதும், பிறகு அந்தச் சட்டையைக் கண்டாலே ஓட்டம். கழுத்தை அகலமாக விடுங்கள், இல்லாவிட்டால் தோளில் பட்டன் வையுங்கள்.

அடுத்தது கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போடுகிற நாடா. பார்க்க வடிவாகத்தான் இருக்கும். ஐரோப்பாவில் ஈஎன் 14682 என்று பிள்ளைகள் உடுப்புக் கயிறுகளுக்கு ஒரு தரநிலை இருக்கிறது. ஏழு வயதுக்குக் கீழே தலை, கழுத்துப் பகுதியில் தொங்குகிற கயிறு கூடாது என்பது அதில் உள்ள விதி. சறுக்கு மரத்திலும் பஸ் கதவிலும் மாட்டுப்பட்டு விபத்து நடந்ததால் வந்தது. வீட்டில் பின்னுவதற்குச் சட்டம் பிடிக்க யாரும் வரப்போவதில்லை, என்றாலும் காரணம் நியாயமானது.

மூன்றாவது, வொஷிங் மெஷினில் போட முடியுமா என்பதை ஒரு துண்டில் எழுதிக் கூடவே வையுங்கள். மாமிக்கு வட்ஸ்அப் பண்ணிக் கேட்கக் கூச்சப்பட்டே பல சட்டை உள்ளே கிடக்கிறது.

நிலாவெளிச் சித்தி:

எவ்வளவு விசயம்! கழுத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. சரி, நிட்டிங்தான் செய்கிறேன், டிகே பருத்தி எடுக்கிறேன் என்று வைத்துக்கொள்வோம். அளவை எப்படி எடுப்பது? அக்காவிடம் கேட்டால் பரிசு என்று தெரிந்துவிடுமே.

மடத்தடி ரீச்சர்:

தெரிந்தால் என்ன? பிள்ளைகளுக்குத்தானே இரகசியம், அக்காவுக்கு இல்லை. பிள்ளை இப்போது விரும்பிப் போடுகிற ஒரு கையில்லாச் சட்டையை மேசையில் விரித்து, அக்குளுக்குக் கீழே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் அளக்கச் சொல்லுங்கள். அதன் இரட்டிப்புத்தான் உங்கள் சுற்றளவு. தோளிலிருந்து கீழ் ஓரம் வரை நீளம். இரண்டே எண். வயதை நம்பிப் பின்னாதீர்கள், நாலு வயதில் ஒன்று முருங்கைக்காயாக இருக்கும், மற்றது உருண்டையாக இருக்கும்.

கேட்க முடியாது என்றால் மட்டும் பொது அளவு. அமெரிக்க நூல் சங்கத்தின் அட்டவணையில் நெஞ்சுச் சுற்றளவு 2 வயதுக்கு 53 சென்ரிமீற்றர், 4 வயதுக்கு 58.5, 6 வயதுக்கு 63.5 என்று இருக்கும். இது உடம்பின் அளவு, சட்டையின் அளவு இல்லை. நம் வெயிலுக்கு இதோடு ஆறேழு சென்ரிமீற்றராவது கூட்டவேண்டும்.

இப்போது கணக்கு. டிகே நூலில் 4 மில்லிமீற்றர் ஊசியால் பின்னினால் பொதுவாக 10 சென்ரிமீற்றருக்கு 22 கண்ணி, 28 முதல் 30 வரி வரும். உங்கள் கைக்கு என்ன வருகிறது என்று மாதிரித் துண்டு பின்னிப் பார்க்கவேண்டும். ஒரு சாண் அகலத்துக்காவது பின்னுங்கள். அதைச் சட்டையைத் தோய்க்கப்போகிற மாதிரியே தோய்த்துக் காயவைத்த பிறகுதான் அளக்கவேண்டும். பருத்தி தோய்த்ததும் மாறும். தோய்க்காமல் அளந்த எண் வேறு ஒரு சட்டையின் எண்.

22 வந்தது என்று எடுத்துக்கொள்வோம். நாலு வயதுக்காரிக்கு 144 கண்ணி ஏற்றுங்கள். 144-ஐ 2.2-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 65 சென்ரிமீற்றர். 144 ஏன் என்றால், நான் சொல்லப்போகிற அலைப் பின்னல் 18 கண்ணிக்கு ஒரு தரம் திரும்பி வரும், எட்டுப் பதினெட்டு 144. வட்ட ஊசி, அதாவது இரண்டு ஊசியை ஒரு வயர் சேர்த்திருப்பது, ஒன்று வாங்கிவிடுங்கள். பக்கத் தையல் இல்லாமல் சுற்றிச் சுற்றிப் போகலாம், பிள்ளையின் விலாவில் தையல் உறுத்தாது.

ஏற்றிய கண்ணிகளை முறுக்கு விழாமல் சேர்த்து, ஒரு சுற்று பர்ல், ஒரு சுற்று நிட் என்று மாறி மாறி நாலைந்து சுற்று. இது கீழ் ஓரம் சுருளாமல் இருக்க. பிறகு அலை. முதல் இரண்டு சுற்றும் வெறும் நிட். மூன்றாம் சுற்றில்தான் வேலை: இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக நிட், இப்படி மூன்று தரம். பிறகு ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி ஒரு கண்ணி நிட், இப்படி ஆறு தரம். பிறகு மறுபடி இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று தரம். பதினெட்டில் ஆறு குறைந்து ஆறு கூடும், எண்ணிக்கை மாறாது. நாலாம் சுற்று முழுக்கப் பர்ல். இந்த நாலு சுற்றையும் திரும்பத் திரும்பப் பின்னினால் கீழ் ஓரம் தானாகவே அலை அலையாக வளையும். ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்ட் தீவுகளில் குளிருக்குச் சால்வை பின்னிய பின்னல் இது. ஓட்டை நிறைய இருப்பதால் நம் வெக்கைக்கும் பொருந்துகிறது, வேடிக்கைதான். 10 முதல் 12 சென்ரிமீற்றர் வரை அலை. அதற்கு மேல் அக்குள் வரை வெறும் நிட். மொத்தமாகக் கீழிருந்து அக்குள் வரை 23 சென்ரிமீற்றர் அளவில் நிற்கலாம், அக்கா தரும் நீளத்தைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

அக்குளில் முன் 72, பின் 72 என்று பிரியுங்கள். பின்பக்கத்தை ஏதாவது நூலில் கோத்து நிறுத்திவிட்டு முன்பக்கத்தைப் போய் வந்து பின்னவேண்டும். முதல் இரண்டு வரியின் தொடக்கத்திலும் ஐந்தைந்து கண்ணி மூடினால் 62. பிறகு ஒன்று விட்டு ஒரு வரியில் இரு ஓரத்திலும் ஒவ்வொன்று குறையுங்கள், ஐந்து தரம். 52 நிற்கும். அக்குளில் இருந்து 7 சென்ரிமீற்றர் போனதும் நடுவில் 20 கண்ணியை மூடுங்கள், பக்கத்துக்குப் பதினாறு. கழுத்து ஓரத்தில் மட்டும் ஒன்றுவிட்டு ஒரு வரியில் ஒவ்வொன்றாக நாலு தரம் குறைத்தால் தோளுக்கு 12 கண்ணி, அதாவது ஐந்தரை சென்ரிமீற்றர். அக்குளில் இருந்து 13 சென்ரிமீற்றர் உயரத்தில் முடித்துவிடுங்கள். பின்பக்கமும் இதேதான், கழுத்தை மட்டும் 3 சென்ரிமீற்றர் மேலே தள்ளித் தொடங்குங்கள்.

இந்தக் கழுத்தின் சுற்று 40 சென்ரிமீற்றர் அளவில்தான் வரும். ரொறன்ரோத் தங்கச்சி சொன்ன 50 சென்ரிமீற்றர் தலை போகாது. அதனால் இடது தோளைத் தைக்காமல் விட்டு, முன்பட்டியில் இரண்டு காதும் பின்பட்டியில் இரண்டு பட்டனும் வையுங்கள். பின்பட்டியை ஒரு விரல் அகலம் கூடுதல் நீளமாகப் பின்னினால் பட்டன் அதில் உட்காரும்.

பெரியவளுக்கு 162 கண்ணி, ஒன்பது பதினெட்டு. 73 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே வரும். பிரிக்கும்போது 81, 81. நடுவில் மூடுகிற கண்ணியை ஒற்றை எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதே வழி. நூல் சின்னவளுக்கு 100 கிராமுக்குள் முடியலாம். ஆனாலும் 150 வாங்குங்கள், ஒரே சாயத் தொகுதி இலக்கத்தில். பிறகு போய் அதே நிறம் கேட்டால் கடைக்காரர் அதே நிறம்தான் என்று சத்தியம் பண்ணுவார், வெயிலில் பிடித்தால் தெரியும்.

கிண்ணியா உம்மு:

ரீச்சர், இதைப் பிரின்ற் எடுத்து வைக்கப்போகிறேன். குரோஷே ஆளுக்கும் நிட்டிங் ஆசை வந்துவிட்டது.

தையல் மெஷினுக்கு ஒரு பதில் இருக்கிறது. நான் வெயில் காலத்துக்கு அதிகம் செய்வது முழுப் பின்னல் சட்டை இல்லை. நெஞ்சு வரை மேல்ப்பட்டியை மட்டும் குரோஷேயில் செய்துவிட்டு, கீழே துணி. மருதமுனைக் கைத்தறியில் மெல்லிசானதாகப் பார்த்து எடுப்பேன். கனம் குறைவு, நூல் பாதி, இரண்டு மூன்று நாளில் கைக்கு வந்துவிடும். வாங்குகிறவர்களுக்கும் அதுதான் பிடிக்கிறது.

செய்யும்போது பார்க்கவேண்டியது இரண்டே விசயம். துணியை வெட்டமுதல் தோய்த்துவிடவேண்டும், கைத்தறி முதல் தண்ணீரில் சுருங்கும். மேல்ப்பட்டி சுற்றளவைப்போல இரண்டு மடங்கு அகலத்துக்கு வெட்டிச் சுருக்குப் பிடித்தால் சுழலும்போது நன்றாக விரியும். அப்புறம் இரண்டையும் சேர்ப்பதை மெஷினில் அடிக்கவேண்டாம். மெஷின் தையல் நூல் விரியாது, குரோஷே விரியும், முதல் நாளே படீரென்று அறும். கையால் பின்தையல் போடுங்கள், கொஞ்சம் தளர்வாக.

தையல் மெஷின்:

அடடா, இது நம்ம கட்சிக்கு வந்து சேர்ந்த மாதிரி இருக்கிறதே. கைத்தறியில் கீழே இரண்டு அங்குலம் மடித்து உள்ளே விட்டுத் தையுங்கள் உம்மு. பிள்ளைகள் அகலத்தில் அவ்வளவு வளர்வதில்லை, நீளத்தில்தான் ஓடும். அடுத்த வருடம் மடிப்பைப் பிரித்துவிட்டால் இன்னொரு வருடம் போடலாம்.

பின்னலில் இதைச் செய்ய முடியுமா ரீச்சர்? முடிந்தால் நானும் ஊசி வாங்குகிறேன்.

மடத்தடி ரீச்சர்:

முடியும், ஆனால் நான் சொன்ன வழியில் கஷ்டம். அது கீழிருந்து மேலே போவது. கழுத்தில் தொடங்கிக் கீழே இறங்கும் செய்முறை என்றால் கடைசி ஓரத்தைப் பிரித்துக் கண்ணிகளை ஊசியில் எடுத்து நாலு விரல் கூட்டிப் பின்னிவிடலாம். அதற்கு மிச்ச நூலை எறியாமல் சட்டையோடு கொடுத்துவிடுங்கள். புது நூல் கொஞ்சம் பளிச்சென்று தெரியும், வேறு நிறத்தில் ஒரு கரை போட்டால் வேண்டுமென்றே செய்ததாக இருக்கும்.

கோட்டையடி:

ஒரு ஆம்பிளை இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். மனைவி பின்னுகிறார், நான் வாசித்துக் காட்டுகிறேன். இலண்டனில் இருந்து வருகிற பிள்ளைகளுக்கு நம்ம ஊர் மானைச் சட்டையில் போட்டுக் கொடுத்தால் என்ன? கோட்டைக்குள்ளும் ரோட்டிலும் திரிகிற புள்ளிமானைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பிப் போவார்கள்.

மடத்தடி ரீச்சர்:

நல்ல யோசனை தம்பி. ஆனால் இரண்டு நிறத்தைச் சேர்த்துப் பின்னினால் பின்னாலே நூல் நீளமாக ஓடும். துணி இரட்டைத் தடிப்பாகும், அது வெயிலுக்கு ஆகாது, பிள்ளையின் விரலும் அதில் மாட்டும். சட்டை முடிந்த பிறகு தையல் ஊசியில் வேறு நிற நூலைக் கோத்து, பின்னிய கண்ணி போகிற வழியிலேயே மேலால் ஓட்டுங்கள். பின்னும்போதே போட்ட மாதிரி இருக்கும். நெஞ்சோரம் உள்ளங்கை அளவுக்கு ஒரு மான், உடம்பில் நாலைந்து வெள்ளைப் புள்ளி. கட்டம் போட்ட கொப்பியில் முதலில் வரைந்துகொள்ளச் சொல்லுங்கள். ஒன்று, நிட் கண்ணி அகலம் கூடி உயரம் குறைந்தது. சதுரக் கட்டத்தில் வரைந்த மான் சட்டையில் குட்டையாகி ஆட்டுக்குட்டி ஆகிவிடும். கொஞ்சம் நெட்டையாகவே வரையுங்கள்.

தம்பலகாமத்தாள்:

சிவப்புப் பருத்தி நூல் வாங்கி வைத்திருக்கிறேன், வெள்ளையோடு சேர்த்துக் கரை போட. சாயம் ஊறுமோ என்று பயம். வினாகிரியில் ஊறவைத்தால் நிற்கும் என்கிறார்களே? மாமி உப்பு என்கிறார்.

மடத்தடி ரீச்சர்:

இரண்டும் வேலைக்கு ஆகாது. வினாகிரி போன்ற அமிலம் கம்பளி, பட்டு போன்றவற்றின் சாயத்துக்குத்தான். பருத்திச் சாயம் வேறு வகை. சாயம் ஏற்றும்போது உப்புப் போடுவார்கள், அதனால்தான் மாமிக்கு அந்த நினைப்பு. ஏற்றி முடிந்த நூலை அது பிடித்து வைக்காது.

ஒரு முழம் சிவப்பு நூலை வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் சுற்றி அமத்துங்கள். நிறம் பட்டால் உருண்டையைக் கழியாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, சவர்க்காரத் தண்ணீரில் அலசிக்கொண்டே இருங்கள், தண்ணீர் தெளியும் வரை. தெளியவே இல்லை என்றால் அந்த நூலை வெள்ளையோடு சேர்க்கவேண்டாம். தனிச் சிவப்புச் சட்டையாகப் பின்னுங்கள், தோய்க்கும்போது தனியே போட எழுதி வையுங்கள்.

நிலாவெளிச் சித்தி:

அக்கா அளவு அனுப்பிவிட்டார். சின்னவளின் சட்டை விரித்து அளந்தால் 33, சுற்றளவு 66. ரீச்சரின் 144 அப்படியே பொருந்துகிறது. பெரியவளுடையது 35, அதாவது 70. அவளுக்கு 162 கொஞ்சம் பெரிதாக இருக்குமோ?

நூல் கொழும்பில் இருந்து வந்துவிட்டது. சின்னவளுக்கு மாம்பழ மஞ்சள், பெரியவளுக்குக் கடல் நீலம். நெருப்பு வைத்துப் பார்த்தேன், சாம்பல்தான். அம்மாவும் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "அப்ப சரி" என்று ஒரு சொல்லோடு உள்ளே போய்விட்டார்!

கைவெட்டு ஓரம் உள்ளே சுருளுமே, அதற்கு என்ன செய்வது? பட்டன் எது நல்லது?

மடத்தடி ரீச்சர்:

பெரியவளுக்கு 162 இருக்கட்டும். மூன்றரை சென்ரிமீற்றர் கூடுதல் தொல்லை இல்லை, அவள் வருகிறபோது எப்படியும் வளர்ந்திருப்பாள். நீளத்தை மட்டும் இரண்டு சென்ரிமீற்றர் கூட்டுங்கள்.

கைவெட்டைச் சுற்றி ஓரத்தில் இருந்து கண்ணி எடுங்கள். மூடிய கண்ணிகள் இருக்கும் இடத்தில் ஒன்றுக்கு ஒன்று, வரிகள் ஓடும் இடத்தில் நாலு வரிக்கு மூன்று கண்ணி. எல்லா வரிக்கும் எடுத்தால் ஓரம் கொசகொசவென்று விரியும், குறைவாக எடுத்தால் அக்குளைப் பிடிக்கும். 10 இலக்க ஊசியால் ஒரு சுற்று பர்ல், ஒரு சுற்று நிட், ஒரு சுற்று பர்ல் பின்னி, தளர்வாக மூடிவிடுங்கள். கழுத்துக்கும் இதே. இடது தோள் திறந்திருப்பதால் கழுத்திலும் இடது கைவெட்டிலும் சுற்ற முடியாது, அங்கே போய் வந்து எல்லா வரியும் நிட் பின்னுங்கள். மூடும்போது மட்டும் 8 இலக்க ஊசியைக் கையில் எடுத்தால் தானாகவே தளரும்.

கிண்ணியா உம்மு:

பட்டன் தட்டையாக, நாலு துளை உள்ளதாகப் பாருங்கள். காம்பு வைத்த பட்டன் தோளில் புரண்டு பிள்ளை படுக்கும்போது குத்தும். நான் பட்டனுக்கு நேரே உள்பக்கத்தில் ஒரு சின்னத் துண்டு கொட்டன் நாடா வைத்து இரண்டையும் சேர்த்துத் தைப்பேன். பின்னல் துணியில் மட்டும் தைத்தால் கண்ணி இழுபட்டுப் பட்டன் தொங்கும், கையோடு கழன்றும் வரும். வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே வேறு குழந்தை இருந்தால் இன்னும் கவனம், எல்லாம் வாய்க்குள்தான் போகும். தையல் நூல் பொலியெஸ்டராக இருக்கட்டும், அந்த ஒரு இடத்தில் மட்டும் பருத்தி வேண்டாம்.